பழைய இலங்கை வரைபடத்துக்குச் சரியான ஆண்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நிலவரைபட அச்சுகளை வாங்கிச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டும் வழக்கம் மதுரையிலும் பரவிவருவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கட்டுரையோடு இருந்த படங்களுள் ஒன்று இலங்கையின் வரைபடம். அது 1820ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று படத்தின் கீழே குறிப்பிட்டிருந்தீர்கள். அதே அச்சின் இன்னொரு பிரதி என்னிடம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பழைய பொருள்கள் விற்கும் ஒரு கடையில் அதை வாங்கினேன். அங்கும் 1820 என்றுதான் சீட்டு ஒட்டியிருந்தார்கள். அந்த ஆண்டு தவறு. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் தவறு. இதைத் திருத்த வேண்டும் என்று கேட்பதற்கு எனக்குள்ள காரணம் புவியியல் ஆசிரியராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தது மட்டுமன்று. அந்தத் தாளில் ஓடும் கோடுகளில் ஒன்றின் வழியாகத்தான் எங்கள் குடும்பம் இலங்கையை விட்டு வந்தது.

முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு, அகலம் முக்கால் முழம். நடுவில் நெடுக ஒரு மடிப்பு. மடிப்பின் பின்புறத்தில் மெல்லிய தாள் பட்டை ஒன்று ஒட்டப்பட்டு, அதில் தைத்த நூலின் துளைகள் வரிசையாக இருப்பதால், இது ஓர் அட்லஸிலிருந்து பிரித்தெடுத்த பக்கம் என்பது விளங்குகிறது. அச்சிட்டவர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் கீழ் ஓரத்தில்தான் சிறு எழுத்தில் இருக்கும். சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அந்த ஓரத்தையே யாரோ கத்தரித்துவிட்டிருக்கிறார்கள். விற்பவர்கள் மனம்போன ஆண்டைச் சொல்வதற்கு இதுவே வழிவிடுகிறது. ஆனால் ஓரத்தை வெட்டினாலும் வரைபடம் தன் வயதைச் சொல்லத்தான் செய்கிறது. அதைக் கேட்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

தாளில் இலங்கை ஒன்பது நிறங்களில் ஒன்பது மாகாணங்களாகப் பிரிந்து கிடக்கிறது. பிரிட்டிஷார் தீவு முழுவதையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்து வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று ஐந்து மாகாணங்களாக வகுத்ததே 1833இல்தான். வடமேல் மாகாணம் 1845இலும், வடமத்திய மாகாணம் 1873இலும், ஊவா 1886இலும், சப்ரகமுவ 1889இலும் பிரிக்கப்பட்டன. ஆகவே ஒன்பது நிறங்கள் உள்ள வரைபடம் 1889க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. அடுத்தது ரயில் பாதை. நீராவி ரயிலில் பொதுமக்கள் பயணம் செய்யத் தொடங்கியதே 1825இல், அதுவும் இங்கிலாந்தில். அப்படியிருக்க 1820ஆம் ஆண்டு இலங்கையில் ரயில் பாதை எங்கிருந்து வரும்? கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் பாதை போடப்பட்டது; மலையேறி நானுஓயாவை 1885இலும், பண்டாரவளையை 1894இலும் அது அடைந்தது. வடக்கே யாழ்ப்பாணம் வழியாகக் காங்கேசந்துறை வரை 1905இல் ரயில் ஓடியது. மதவாச்சியில் கிளை பிரிந்து தலைமன்னாருக்குப் போகும் பாதை 1914இல் வந்தது. இவை எல்லாமே அந்தத் தாளில் இருக்கின்றன. பதுளை வரை மலைப்பாதை நீண்டது 1924இல். தாளிலோ அது பண்டாரவளையோடு நின்றுவிடுகிறது. எனவே இது 1914ஐ ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தியது என்பது உறுதி. 1924க்கு முந்தியது என்பது மிகப் பெரும்பாலும் சரி.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். வரைபடத்தில் ஒரு பாதை இருந்தால் அது போடப்பட்டதற்கோ, போடத் திட்டமிட்டதற்கோ அதுவே சான்று. இல்லாவிட்டால், அது அன்று இல்லை என்று அதை வைத்து மட்டும் சாதிக்க முடியாது. பழைய அச்சுப் பலகையைத் திருத்தாமலே பல ஆண்டுகள் பயன்படுத்திய அட்லஸ் பதிப்பாளர்கள் உண்டு. பள்ளியில் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்: உள்ளதை நம்பு, இல்லாததைச் சந்தேகி. ஆனால் 1820 என்ற ஆண்டை ஒதுக்க இந்த நுணுக்கம்கூடத் தேவையில்லை.

உண்மையாகவே 1820ஐ ஒட்டி வரைந்த வரைபடம் ஒன்று கிடைத்தால் அது எப்படி இருக்கும் என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். அன்று தீவின் நடுப்பகுதி பிரிட்டிஷாரின் கைக்கு வந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. கடற்கரையைப் போர்ச்சுகீசியரும், அவர்களிடமிருந்து 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்த டச்சுக்காரர்களும், 1796 முதல் பிரிட்டிஷாரும் மாறி மாறி ஆண்டபோதும் மலைநாட்டுக் கண்டி அரசு தனித்தே நின்றது. 1815 மார்ச் 2ஆம் தேதி செய்யப்பட்ட கண்டி உடன்படிக்கையோடு அந்த அரசு முடிந்தது. அந்தக் காலத்து வரைபடங்களில் கரையோர ஊர்கள் நெருக்கமாக இருக்கும்; மலைநாடோ பெரும்பாலும் வெறுமையாக, ஒன்றிரண்டு ஆறுகளும் ஒரு தலைநகரும் மட்டும் குறித்ததாக இருக்கும். உள்ளே போய் அளக்க அவர்களுக்கு வழியில்லை.

அந்தக் கண்டி அரசின் கடைசி நான்கு மன்னர்களும் நாயக்கர் மரபினர் என்பது மதுரைக்காரர்களாகிய நமக்கு நினைவிருக்க வேண்டிய செய்தி. கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து நாயக்கர் குலப் பெண்களை மணம் முடித்துவந்ததால், நேர் வாரிசு இல்லாமல் போனபோது அரசியின் உடன்பிறந்தார் 1739இல் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினார். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன் ஆகியோருக்குப் பிறகு 1798இல் வந்தவர் கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் பிரிட்டிஷார் அவரைச் சிறைப்பிடித்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள்; 1832இல் அங்கேயே இறந்தார். வேலூரில் பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி முத்துமண்டபம் என்ற பெயரில் இருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பே, பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இலங்கையின் புத்தர் பல் நினைவுச்சின்னம் பாண்டிய நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதையும், மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டிய மன்னனிடம் நேரில் வந்து அதைத் திரும்பப் பெற்றதையும் இலங்கையின் பாலி மொழி வரலாறுகள் கூறுகின்றன. இலங்கையின் முதல் அரசனாகச் சொல்லப்படும் விஜயன் தனக்குப் பட்டத்தரசியாக மதுரைப் பாண்டியன் மகளை வருவித்துக்கொண்டான் என்று மகாவம்சம் தொடக்கத்திலேயே பேசுகிறது. அது புராணம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தீவின் கதையைச் சொல்ல உட்கார்ந்தவர்களுக்கு மதுரையைச் சொல்லாமல் முடியவில்லை என்பது மட்டும் தெளிவு.

இனி, ஆண்டு தவறுவதால் என்ன கெட்டுப்போகிறது என்பதற்கு வருகிறேன். என்னுடைய பிரதியில் மத்திய மாகாணத்தையும் ஊவாவையும் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஊர்ப் பெயர்கள் எறும்பு வரிசைபோல நெருங்கிக் கிடக்கின்றன. நாவலப்பிட்டி, அட்டன், அப்புத்தளை என்று நீளும் அந்த வரிசை 1820இல் இல்லை. அங்கே இருந்தது பெரும்பகுதி காடு. அந்தக் காட்டை அழித்து 1830களிலிருந்து காப்பி பயிரிட்டார்கள். 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிர் ஏறக்குறைய அழிந்தது. அதற்குச் சற்று முன்பு, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காடு வெட்டியதும், காப்பி பறித்ததும், கொழுந்து கிள்ளியதும் யார்? மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி பின்னால் போனவர்கள். 1820 என்று எழுதி ஒட்டும்போது இந்த மக்கள் அனைவரும் அந்தத் தாளிலிருந்து ஒரே வீச்சில் காணாமல் போகிறார்கள். ஊர்களும் பாதைகளும் தாமாகவே முளைத்தவைபோல ஆகிவிடுகின்றன.

ரயில் வருவதற்கு முன்பு அவர்கள் தோணியில் மன்னார்க் கரைக்கும் அரிப்புக்கும் போய் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே நடந்தார்கள். தண்ணீர் கிடைக்காமலும், காலராவிலும், காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த வழி என்னுடைய தாளில் ஒரு மெல்லிய ஒற்றைக் கோடாக இருக்கிறது. அதன் அருகே எந்தக் குறிப்பும் இல்லை. அதை ஒட்டிய கடலில் முத்துக் குளிக்கும் சலாபம் இருக்கும் இடம் மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. போய்ச் சேர்ந்தவர்களும் கங்காணியின் கடனில் கட்டுண்டவர்களே. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் இவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய சீட்டோடுதான் மாற முடியும். அந்தச் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அம்முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல்.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் பயணம் மாறியது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயில். தாளில் பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே, மணல்திட்டுகளை ஒட்டி ஓடும் புள்ளிக் கோடுதான் அந்தக் கப்பல் வழி. மண்டபத்தில் இருந்த முகாமில் நோய் பரவாமல் தனித்து வைக்கும் காவலும் மருத்துவச் சோதனையும் முடிந்த பிறகுதான் தொழிலாளிகள் கப்பல் ஏற முடியும். என் தந்தையின் தாத்தா திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இந்த வழியில்தான் போனார்.

அச்சை வாங்கி வந்த அன்று மாலை அதை என் தந்தையின் முன்னால் விரித்தேன். எண்பதைக் கடந்தவர், ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. தலைமன்னார் எது என்று மட்டும் கேட்டார். காட்டினேன். அதில் விரலை வைத்து, கோட்டைத் தொடர்ந்து நகர்த்திக்கொண்டே, மதவாச்சி, அனுராதபுரம், மாகோ, குருநாகல், பொல்காவலை, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, அட்டன், நானுஓயா, பண்டாரவளை என்று ஒவ்வொரு நிலையமாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வரிசை ஓரிடத்திலும் பிசகவில்லை. 1973இல் பண்டாரவளையை அடுத்த தோட்டத்திலிருந்து, ஏழு வயதுப் பிள்ளையாகிய என்னையும் என் தாயையும் கூட்டிக்கொண்டு அவர் கோச்சி ஏறியபோது இந்த நிலையங்கள் எதிர்த்திசையில் வந்தன. அப்படி இந்தியாவுக்குப் புறப்பட்டவர்கள் ஏறிய ரயிலுக்கு மலையகத்தில் அழுகைக் கோச்சி என்று பெயர். போகிறவர்களும் அழுதார்கள், நிற்பவர்களும் அழுதார்கள். நின்றவர்களில் என் அத்தையும் ஒருவர்.

இப்படிக் குடும்பங்கள் பிரிந்ததற்கான காரணத்தை இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கை 1948 பிப்ரவரி 4ஆம் தேதி விடுதலை பெற்றது. அதே ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அந்த மக்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள், 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. தாளில் உள்ள புள்ளிக் கோட்டின் ஒரு முனை அன்றோடு போயிற்று. நாங்கள் வந்தது ராமேசுவரத்துக்கு. அதற்குள் நாட்டின் பெயரும் மாறியிருந்தது. 1972 மே 22 முதல் அது ஸ்ரீலங்கா. மதுரையில் எங்கள் தெருவில் மட்டும் இன்றுவரை எங்கள் வீடு சிலோன்காரர் வீடுதான்.

இத்தகைய அச்சுகளை வாங்குவோரில் சிலர் அதில் கச்சத்தீவைத் தேடுகிறார்கள் என்று அறிகிறேன். 285 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தீவு, ஓர் அங்குலத்துக்குப் பதினாறு மைல் என்ற அளவையில் ஒரு கடுகளவு இடம்தான் பிடிக்கும். அட்லஸ் தாளில் அது இருப்பதையும் இல்லாததையும் வைத்து உரிமை பேசுவதில் பயனில்லை; அதற்குரிய ஆவணங்கள் வேறு.

வாங்குவோருக்கு இரண்டு செய்திகளைச் சொல்லத் தோன்றுகிறது. தாள் பழையதுதானா, அண்மையில் படியெடுத்து அச்சிட்டதா என்று பார்க்க நல்ல கைக்கண்ணாடி ஒன்று போதும். இக்கால அச்சில் கோடுகளும் நிறங்களும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகச் சீராகச் சிதறித் தெரியும். பழைய கல்லச்சில் கோடு முழுக்கோடாக, மையின் திண்மையோடு இருக்கும். தாளைத் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கினாலும் அந்தப் புள்ளிகள் மறையா. மற்றொன்று, தயவுசெய்து எந்தப் பழைய தாளையும் லேமினேட் செய்யாதீர்கள். தாயகம் திரும்பியபோது எங்கள் குடும்பத்துக்குத் தந்த குடும்ப அட்டையைப் பத்திரப்படுத்துவதாக எண்ணி, ஒரு கடையில் கொடுத்துச் சூட்டில் ஒட்டவைத்தேன். பிளாஸ்டிக்குக்குள் மை பரவி, என் தாயின் பெயர் இருந்த வரி இன்று ஊதா நிறக் கறையாக இருக்கிறது. ஒட்டியதைப் பிரிக்கவும் முடியவில்லை. வெயில் படாத சுவரும், அமிலமில்லாத அட்டையும், கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே சிறிது இடைவெளியும் இருந்தால் தாள் பிழைத்துக்கிடக்கும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தப் படத்தின் ஆண்டை 1914க்கும் 1924க்கும் இடைப்பட்டது என்று திருத்தி வெளியிடுங்கள். இனிமேல் பழைய வரைபடம் எதை வெளியிட்டாலும், விற்பவர் சொன்ன ஆண்டை அப்படியே போடாமல், தாளில் உள்ள மாகாணங்களையும் பாதைகளையும் வைத்து ஒருவரைக் கொண்டு சரிபார்த்துப் போடுங்கள். அது அரைமணி நேர வேலை. 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இப்படிப்பட்ட வரைபடங்களுக்கும், அவற்றோடு சேர்த்துத் தாயகம் திரும்பியோர் வீடுகளில் கிடக்கும் குடும்ப அட்டைகள், தோட்டத்துச் சீட்டுகள், கப்பல் டிக்கெட்டுகள் ஆகியவற்றின் படிகளுக்கும் ஒரு தனிப் பிரிவு வேண்டும் என்று தாங்களும் எழுத வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த மக்களின் எழுத்துகளில் கடலுக்கு இப்புறம் மிஞ்சியிருப்பவை பெட்டிக்கடியில் கரையான் தின்னக் கிடக்கின்றன.

என் தந்தை சொன்ன நிலையங்களின் பெயர்களை அவர் சொன்ன வரிசையிலேயே, தோட்ட மக்கள் வழங்கிய தமிழ் வடிவத்தில் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. அப்படி ஒரு பிரிவு தொடங்கினால், வரைபடத்தையும் அந்தத் தாளையும் சேர்த்து நூலகத்துக்குக் கொடுத்துவிடச் சம்மதம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மதுரை.